குறிஞ்சி மலரும் நெய்தல் மணலும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த நம் முன்னோர், மலரையும் மரத்தையும் விலங்கையும் புள்ளையும் கருப்பொருள் என்று அதன்பின் வைத்தனர். இவ்வைப்பு முறை செய்யுள் இயற்றுவோருக்காக மட்டும் அமைந்தது என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். தேர்வுத்தாளில் ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களை வாய்பாடு போல ஒப்புவித்துவிட்டால் கடமை முடிந்தது என்பது அவர்தம் துணிபு. முதற்பொருள் ஏன் முதற்பொருள் ஆயிற்று என்னும் கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. நிலமும் பொழுதும் முன் அமைந்தாலன்றி மலர் பிறவாது. ஆதலின் அவை முதல். இந்த எளிய உண்மையை இலக்கண நூல் கற்பித்த காலத்தைவிட, ஒரு சிறு செடி எனக்குத் தெளிவாக உணர்த்திற்று. அச்செடியைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் வாழ்வது மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில். ஊரின் பெயரிலேயே ஓலையும் கடலும் இருக்கின்றன. எங்கு நோக்கினும் வெண்மணல், மணலிடையே பனை, பனைக்கு அப்பால் கடல். நெய்தல் திணைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்று மாணவர் கேட்டால், நான் சன்னலைத் திறந்து காட்டிவிடுவேன். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு மலையுச்சியில் பூக்கும் ஓர்க்கிட் மலரைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பொருந்தாத இடத்தில் நின்று பார்க்கும்போதுதான் பொருத்தம் என்பது யாதென விளங்குகிறது.

மரவாழையும் புல்லுருவியும்

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தமிழில் ஓர்க்கிட் செடிக்கு யாவரும் ஒப்ப வழங்கும் பெயர் இன்னும் நிலைபெறவில்லை. சிலர் மந்தாரை என்று எழுதிவிடுகின்றனர். மந்தாரை வேறு, அது தரையில் வேரூன்றி வளரும் மரம். ஆங்கிலேயர் அம்மரத்தின் பூவழகு கண்டு அதனை ஓர்க்கிட் மரம் என்று அழைத்ததால் நேர்ந்த மயக்கம் இது. வேறு சிலர் புல்லுருவி என்கின்றனர். அது பெரும்பிழை. புல்லுருவி மரத்தின் உடலுக்குள் தன் வேரைச் செலுத்தி அதன் சாற்றை உண்பது. ஓர்க்கிட் அவ்வாறு செய்வதில்லை. மரப்பட்டையின்மேல் வேரைப் படரவிட்டு நிற்க இடம் மட்டும் பெறுகிறது. உணவைத் தன் இலையாலும், நீரைக் காற்றிலும் மழையிலும் பனியிலும் இருந்தும் தேடிக்கொள்கிறது. பாடநூல்கள் இதனை மேலொட்டி என்கின்றன. ஒட்டுண்ணிக்கும் மேலொட்டிக்கும் உள்ள வேறுபாடு, வீட்டுக்குள் புகுந்து உலையில் கைவைப்பவனுக்கும் திண்ணையில் தங்கிச் செல்லும் வழிப்போக்கனுக்கும் உள்ள வேறுபாடு.

இந்த மயக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் வந்தா என்னும் சொல் மரத்தைப் பற்றி வாழும் செடிகளைப் பொதுவாகக் குறித்தது. வில்லியம் சோன்சு என்னும் கீழைத்தேய மொழியறிஞர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்து ஓர்க்கிட் ஒன்றை அப்பெயராலேயே விரித்துரைத்தார். இன்று உலகெங்கும் வந்தா என்பது ஓர்க்கிட் பேரினம் ஒன்றன் பெயர். மலையாள நாட்டாரோ இச்செடிகளை மரவாழை என்றனர். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஒல்லாந்தர் வெளியிட்ட மலபார்த் தாவரப் பெருநூலில் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. அதில் பொன்னம்பூ மரவாழை எனச் சுட்டப்பட்டதே பின்னர் வந்தா சுபதுலாட்டா எனப் பெயர்பெற்றது. மரத்தின்மேல் வாழ்வது, வாழை போல் நீர் நிறைந்த உடலுடையது. இதனினும் பொருத்தமான பெயரை நாம் தேடவேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆயினும் படிப்பவர்க்கு எளிதாக விளங்கும் பொருட்டு ஓர்க்கிட் என்றே இங்கு எழுதுகிறேன்.

மலையின் சிற்றுயிர்

இலங்கையில் ஏறக்குறைய 190 ஓர்க்கிட் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றுட் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. தாழ்நிலத்து மழைக்காடுகளிலும் உலர்வலயத்திலும் வாழ்பவை ஒருபுறமிருக்க, மத்திய மலைநாட்டின் முகில் படியும் காடுகளில் மட்டும் வாழ்பவை ஒருபுறம். அம்மலைக் காடுகளின் ஒரு பகுதி 2010ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

மலைநாட்டு ஓர்க்கிட்டுகளுள் ஒன்று சீலோகைன் ஒடொராட்டிசிமா. ஒடொராட்டிசிமா என்னும் இலத்தீன் சொல்லுக்கு மிக்க நறுமணமுடையது என்பது பொருள். இலங்கையின் உயர்மலைகளிலும் தென்னிந்திய மலைகளிலும் இது வாழ்கிறது. உருவிற் சிறியது, சாண் அளவே உயரும். நெருங்கி அடுக்கிய சிறு குமிழ்கள். ஒவ்வொரு குமிழின் தலையிலும் இரண்டு மெல்லிய இலைகள். இலைகளின் இடையிலிருந்து நூல்போல் இறங்கும் காம்பில் வெண்ணிற மலர்கள். மலரின் உதட்டில் மட்டும் மஞ்சள் தீற்றியிருக்கும். பாசி மூடிய கிளையில் இது கூட்டமாகப் பூத்திருப்பதைக் காண்பவன், மரமே பூத்தது என்று மயங்குவான்.

இவ்வகைச் சிறு மலை ஓர்க்கிட்டுகள் வெப்பநாடுகளின் மலைகள் எங்கும் உள்ளன. நியூகினித் தீவின் உயர்மலைகளில் தெந்திரோபியம் கத்துபெர்ட்சனி என்னும் ஓர் இனம் உண்டு. விரல் உயரமே உள்ள செடி. மலரோ செடியோடு ஒத்த பருமன். ஒரு மலர் பல மாதங்கள் வாடாமல் நிற்கும். தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரலில் மசுதேவாலியா என்னும் பேரினம். கடல்களால் பிரிக்கப்பட்ட இவற்றுக்கெல்லாம் ஒரே வாழ்க்கைமுறை: மிதமான பகல், குளிர்ந்த இரவு, இடையறாத ஈரம், அசையும் காற்று.

யாமத்தின் குளிர்

குறிஞ்சித் திணைக்குத் தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுது யாதென மாணவரைக் கேட்டால், யாமம் என்று உடனே விடையிறுப்பர். பெரும்பொழுது? கூதிரும் முன்பனியும். நள்ளிரவு, குளிர், பனி என்னும் இம்மூன்றையும் தலைவன் தலைவியரின் களவொழுக்கத்துக்கு உரிய சூழலாகவே நாம் விளக்கி வருகிறோம். மலை ஓர்க்கிட்டுக்கும் உயிர்நிலை இம்மூன்றே என்பதைத் தாவரநூல் கற்றபோது நான் வியந்தேன்.

இதன் காரணத்தைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். செடி பகலில் ஒளியைக் கொண்டு மாப்பொருளும் வெல்லமும் ஆக்கிச் சேமிக்கிறது. இரவும் பகலும் மூச்சுவிடுகிறது. அம்மூச்சு சேமித்த பொருளைச் செலவிடுவது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இச்செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவினது. தை மாசி இரவுகளில் அங்குப் புல்லின்மேல் உறைபனி படர்வதும் உண்டு. மன்னாரிலோ இரவிலும் வெப்பம் 25 பாகையை ஒட்டியே நிற்கும். மலைச்செடியை இங்கே கொணர்ந்தால், பகலில் அது ஈட்டுவதை இரவு முழுதும் செலவிட்டுத் தீர்க்கிறது. வரவு எட்டணா, செலவு பத்தணா என்னும் குடும்பம் எத்தனை நாள் நிலைக்கும்? குமிழ்களிற் சேர்த்து வைத்த முதல் இருக்கும்வரை இலை பசுமையாகவே தோன்றும். வாங்கியவர் செடி பிழைத்துவிட்டது என மகிழ்வர். பிறகு வரும் புதுக்குமிழ் முன்னதினும் சிறியதாக வரும். அடுத்தது அதனினும் சிறியது. பின்னர் எதுவும் வாராது. நோயுமில்லை, பூச்சியுமில்லை, பட்டினியே காரணம்.

நீரூற்றினால் குளிராதோ என்பர் சிலர். கொதிக்கும் பகலில் நீர் ஊற்றி நிழலில் அடைத்து வைத்தால், வேர் மூச்சடைத்து அழுகும். குளிர் வேண்டிய இடத்தில் ஈரத்தை மட்டும் கொடுப்பது, பசித்தவனுக்குப் பாய் விரித்துக் கொடுப்பதை ஒக்கும்.

வளர்க்கும் முறை

அவ்வாறாயின் இச்சிறு செடியை எங்கு, எவ்வாறு பேணுவது? மலைநாட்டில் வாழும் ஆசிரியரும் மாணவரும் பயன்கொள்ளுமாறு சிலவற்றைத் தொகுத்துரைக்கிறேன்.

இடம்: இரவில் 10 முதல் 15 பாகை வரை குளிரும் ஊர் வேண்டும், பகலில் 25 பாகைக்கு மேற்படாதிருத்தல் நன்று. நேர்வெயில் ஆகாது. மரநிழலோ, ஒளியிற் பாதிக்குமேல் தடுக்கும் நிழல்வலையோ போதும். இலை வெளிறி மஞ்சளானால் ஒளி மிகுதி; கரும்பச்சையாகித் துவண்டு பூவாதிருந்தால் ஒளி குறைவு. செடி பேசுகிறது, கேட்பார்தாம் வேண்டும்.

நிற்குமிடம்: தோட்டத்து மண் இதற்கு நஞ்சு. மண்ணில் இட்டால் வேருக்குக் காற்றில்லை. மரப்பட்டைத் துண்டு, பன்னத்தின் நார், சிறிது கரி, சிறிது பாசி ஆகியவற்றைக் கலந்து, துளைகள் நிறைந்த சிறு சாடியில் இடவேண்டும். சாடி பெரிதாயின் ஈரம் உலராது, வேர் அழுகும். சாடியே இல்லாமல் மரக்கட்டையின்மேல் பாசி வைத்துக் கட்டுதலும் உண்டு. அவ்வாறு கட்டியதை நாடோறும் நனைக்கவேண்டும்.

நீர்: ஓர்க்கிட் வேரின் மேல் பஞ்சுபோன்ற வெள்ளுறை ஒன்று உண்டு. நீர் பட்ட மாத்திரத்தில் அது நீரை ஈர்த்துப் பச்சையாகும். உலர்ந்ததும் மீண்டும் வெளிறும். வேரின் நிறமே நீரூற்றும் நேரத்தைக் காட்டும் கடிகாரம். மலைச்செடியின் வேர் முற்றும் காய விடலாகாது. தேங்கிய நீரிலும் நிற்க விடலாகாது. காலையில் ஊற்றுதல் சிறந்தது. மழைநீரே தலைசிறந்தது. உவர் கலந்த கிணற்றுநீர் வேர்நுனியைக் கரிக்கும். காய்ச்சி ஆற்றினால் உவர் நீங்கும் என்று கருதுவாருளர். காய்ச்சினால் நீர் குறையும். உப்பு அப்படியே நிற்கும். ஆதலின் உவர் மிகுமேயன்றிக் குறையாது.

காற்று: முகிற்காட்டில் காற்று ஓய்வதில்லை. ஈரம் மிக்க இடத்தில் காற்று அசையாதிருப்பின் இலையில் கரும்புள்ளி தோன்றி அழுகல் பரவும். கண்ணாடிப் பேழைக்குள் அடைத்து வைப்போர் இதனை நினைவிற் கொள்க.

பசளை: கிளையின்மேல் வாழ்வதற்கு மழைநீரோடு வழியும் தூசும் உக்கிய இலையுமே உணவு. சிறிதுண்டு வாழப் பழகிய உயிர்க்கு விருந்து வைத்தல் ஆகாது. திரவப் பசளையைப் பொதியிற் குறித்த அளவிற் காற்பங்காகக் குறைத்து, புதுக்குமிழ் வளரும் காலத்தில் மட்டும் இரு கிழமைக்கு ஒருமுறை தெளித்தாற் போதும்.

பிரித்து நடுதல்: ஆண்டுதோறும் பிடுங்கிப் பார்த்தலும் பிரித்தலும் தீது. புதுவேர் தோன்றும் பருவத்தில், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, கலவை உக்கிப்போனால் மட்டும் மாற்றுக. பிரிப்பதாயின் ஒவ்வொரு பங்கிலும் மூன்று நான்கு குமிழ்களாவது இருக்கவேண்டும்.

இவையனைத்தையும் செம்மையாகச் செய்தாலும், விதையிலிருந்து செடியாக்குதல் வீட்டில் எளிதன்று. ஓர்க்கிட்டின் விதை தூசினும் நுண்ணியது. தாய் கட்டிக்கொடுக்கும் சோற்றுமூட்டை அதற்கில்லை. குறித்த பங்கசு ஒன்று வந்து உணவூட்டினாலன்றி முளைக்காது. இவ்வுண்மையை 1899இல் நோயல் பெர்னார் என்னும் பிரான்சிய அறிஞர் கண்டார். பங்கசு இன்றியே, வெல்லம் கலந்த கூழில் விதையை முளைக்கச் செய்யும் வழியை 1922இல் லூயிசு நட்சன் என்னும் அமெரிக்கர் வெளியிட்டார். இன்று ஆய்வுகூடங்களிற் குடுவைகளில் ஆயிரக்கணக்கான கன்றுகள் வளர்வது அவ்வழியின் வளர்ச்சியே. காட்டிற் பறிக்காமல் ஓர்க்கிட் வளர்க்க இயலும் என்பதற்கு அதுவே சான்று.

ஒரு முதியவளின் விருப்பம்

இவ்வளவும் நூலறிவு. இதனை நான் நாடிக் கற்றதற்குக் காரணம் ஒரு மாணவி.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல வாழ்கின்றன. 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்கும், 1983ஆம் ஆண்டின் வன்செயலுக்கும் பின்னர், தேயிலைத் தோட்டங்களை விட்டு வடக்கே வந்தோர் அவர்கள். அத்தகைய குடும்பத்துப் பெண்ணொருத்தி என்னிடம் தமிழ் படித்தாள். ஒருநாள் பழைய பால்மாத் தகரம் ஒன்றில் ஒரு செடியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

"ஐயா, அப்பாயி கேட்டாங்கன்னு மாமா மலையிலேயிருந்து வாங்கிட்டு வந்தாரு. இலையெல்லாம் சுருங்குது. என்ன செய்யிறது?"

நான் பார்த்தேன். சீலோகைன், ஐயமில்லை. தெருவோரத்தில் விற்றதை வாங்கியதாகச் சொன்னாள். வேர்களோடு மரப்பட்டை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டையின்மேல் பாசியும் இருந்தது. வளர்த்து விற்ற செடியன்று, காட்டில் உரித்தெடுத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அம்முதியவளை நான் சென்று கண்டேன். எழுபதைக் கடந்தவர். 1977இல் மூத்த மகனை இடுப்பிலும் ஒரு துணிமூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு மலையிறங்கியவர். லயத்துக்குப் பின்னே பீலிக்கரையில் நின்ற மரமொன்றில் இப்பூ பூக்கும் என்றும், கொழுந்தெடுக்கப் போகுமுன் விடியலில் தண்ணீர் பிடிக்கச் செல்லும்போது அதன் வாசம் பனியோடு இறங்கும் என்றும் அவர் கூறினார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் எதுவுமில்லை. மரத்துப் பூ என்றே அழைத்தனர். அந்த வாசத்தை இன்னொருமுறை முகரவேண்டும் என்பதே அவர் விருப்பம்.

நான் என் அறிவுக்கெட்டியதைச் சொன்னேன். இரவு குளிரவேண்டும், இங்கே குளிராது, இச்செடி சில திங்கள் இருந்து பின் ஒழியும். பெட்டியில் பனிக்கட்டி வைத்துப் பேணலாமா என்று மாணவி வினவினாள். ஆண்டு முழுதும் நாடோறும் அவ்வாறு செய்யவியலுமா என்று நானும் வினவினேன். அவள் விடையிறுக்கவில்லை. முதியவள் தகரத்தைத் தம்பக்கம் இழுத்து, அந்த மரப்பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பிடுங்கிட்டு வந்ததுங்க பட்டபாட்டை நான் கண்டவ, வாத்தியாரய்யா. எனக்குக் காலு இருந்திச்சி, நடந்தேன். கை இருந்திச்சி, பிழைச்சேன். இதுக்கு என்ன இருக்கு? திருப்பி அனுப்பிடுங்க."

மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அவ்விடுமுறையில் மன்னார் வந்திருந்தார். அவரிடம் செடியை ஒப்படைத்தோம். ஈரப்பாசியில் வேரைச் சுற்றி, காற்றுப் புகும் கூடையில் வைத்து, இரவுப் பேருந்தில் அவர் கொண்டு சென்றார். பாடசாலைத் தோட்டத்து மரக்கிளையொன்றில் மாணவர் அதனைக் கட்டினர். முதல் ஆண்டு அது பூக்கவில்லை; ஒரு புதுக்குமிழ் மட்டும் விட்டது. அடுத்த ஆண்டு ஏழு மலர்கள் பூத்தன. நண்பர் அனுப்பிய ஒளிப்படத்தை மாணவி தன் கைப்பேசியில் அப்பாயிக்குக் காட்டினாள். முதியவள் அதனை நெடுநேரம் பார்த்திருந்து, "வாசம் வரல்ல, ஆனா நல்லா இருக்கு," என்றாராம்.

இழந்த ஊரின் மலரை விரும்புவோரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. ஆனால் அந்த அன்பு ஒரு சந்தையை உண்டாக்கிவிடுகிறது. ஒரு தகரத்தில் வைத்து விற்ற செடிக்காக ஒரு கிளை உரிக்கப்படுகிறது. வாங்கியவர் வீட்டில் அது சாகிறது. செத்ததும் இன்னொன்று வாங்குகின்றனர். வெசாக் காலத்திற் பூப்பதால் வெசாக் மலர் எனப் பெயர்பெற்ற தெந்திரோபியம் மக்கார்த்தியே, இலங்கைக்கே உரிய அழகிய ஓர்க்கிட், காட்டில் அரிதாகிப் போனமைக்கு இவ்வாறு ஓயாமற் பறித்ததும் ஒரு காரணம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் அரிய காட்டுச் செடிகளைக் காக்க முனைகின்றன. 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின்படி, ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் நாட்டெல்லை கடந்த வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இலங்கை 1979இல் அதில் இணைந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. தெருவோரத்தில் நிறுத்திக் கேட்பவர் வாங்குபவரே. வேரில் மரப்பட்டை ஒட்டியிருக்கிறதா, இலையில் பூச்சி தின்ற பழந்தழும்பு உண்டா, ஒரே தட்டில் அளவும் அகவையும் ஒவ்வாத செடிகள் குவிந்துள்ளனவா என்று பார்த்தாற் போதும். காட்டுச்செடி இன்னதென்று தெரிந்துவிடும்.

நெய்தல் நிலத்தார் செய்யத்தக்கது

மலைச்செடி இங்கு வாழாதென்றால், மன்னார் மாணவர் ஓர்க்கிட் வளர்க்கவே கூடாதோ? கூடும். உலர்வலயத்துக்கென்றே இயற்கை படைத்த ஓர்க்கிட் உண்டு. மேலே கூறிய வந்தா பேரினத்தைச் சேர்ந்த வந்தா தெசலாட்டா அவற்றுள் ஒன்று. இலங்கையின் வறண்ட காடுகளிலும் இந்தியாவின் பல பகுதிகளிலும் மரங்களின்மேல் வளர்வது. தடித்து மடிந்த இலைகள், பச்சையும் மஞ்சளும் பழுப்புமாகக் கட்டமிட்ட இதழ்கள், நீலச்சாயல் கொண்ட உதடு, இனிய மணம். வங்காளத்து மருத்துவர் இதன் வேரை ராஸ்னா என்று வழங்குவர். தென்னாட்டு மருத்துவரோ அப்பெயரால் அரத்தையைக் கொள்வர். பெயரொன்று பொருள் இரண்டாயின் நேரும் இடர்ப்பாட்டுக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

வறட்சியை இது தாங்கும் வகை அறியத்தக்கது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காற்றை உட்கொள்ளும். அப்போது நீரும் ஆவியாகி வெளியேறும். வந்தா போன்றவை பகல் வெயிலில் இலைவாயை மூடிக்கொண்டு, இரவில் திறந்து, வேண்டும் வாயுவைச் சேமித்து வைத்து, மறுநாள் ஒளியில் உணவாக்குகின்றன. மலைச்செடியின் யாமம் ஓய்வதற்கு; இதன் யாமம் உழைப்பதற்கு. ஒரே குடும்பத்தில் பிறந்தும், நிலத்துக்கேற்ப ஒழுக்கம் வேறாயிற்று.

ஆய்வுகூடத்தில் விதைவழி வளர்த்த வந்தாக் கன்று ஒன்றை அம்மாணவிக்கு நான் வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் வீட்டு முற்றத்து வேம்பில், காலை வெயில் படும் பக்கத்தில், தும்புக் கயிற்றால் தளர்வாகக் கட்டினோம். வேர் பட்டையைப் பற்றும்வரை காலையும் மாலையும் நீர். பற்றியபின் வறண்ட நாளில் ஒருமுறை. மாரியில் தாங்கியிற் பிடித்து வைத்த மழைநீரையே பயன்படுத்தினாள். கடலுக்கு நேரெதிரே உப்புக்காற்று அறையும் இடத்தைத் தவிர்த்து, வீட்டின் மறைவில் வைத்தமையும் நன்றாயிற்று. பச்சை நுனியோடு புதுவேர்கள் இறங்கிப் பட்டையைத் தழுவியுள்ளன. இன்னும் பூக்கவில்லை. பூப்பதற்கு இதனிடம் காலம் இருக்கிறது.

அயலிலிருந்து வந்த எதுவும் இம்மண்ணில் நிலைக்காது என்று நான் கூறியதாக எவரும் கொள்ளவேண்டா. மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கு மரத்தை அறியாதார் இலர். ஆபிரிக்க நாட்டு மரம். அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். ஒட்டகம் தின்னும் இலையென்று கருதி நட்டனரோ, நிழல் விரும்பி நட்டனரோ, அது இன்று மன்னாரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வறண்ட நிலத்து மரம் வறண்ட நிலத்தைக் கண்டுகொண்டது, ஆதலின் நிலைத்தது. தொலைவு அதற்குத் தடையாகவில்லை. நூற்றுக்கணக்கான கல் தொலைவுகூட இல்லாத நுவரெலியாவின் செடிக்கோ, இத்தீவு கடல்கடந்த நாட்டினும் அயலாயிற்று.

இப்போது மீண்டும் இலக்கணத்துக்கு வருவோம். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் வேறொரு நிலத்திற் காணப்படினும், அவை வந்த நிலத்தின் பயனாகவே கொள்ளப்படும் என்று தொல்காப்பியர் இடந்தந்தார். புலவனின் கற்பனைக்கு அது வேலியற்ற தோட்டம். அதே ஆசிரியர், திணையொழுக்கங்கள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள் மயங்குதல் இல்லை என்றும் வரையறுத்தார். இரண்டு விதிகளையும் அடுத்தடுத்துக் கற்பிக்கும்போது, முரண்போலத் தோன்றுகிறதே என்று மாணவர் கேட்பதுண்டு. முரண் இல்லை. மலரை நெய்தலுக்குக் கொண்டுவரலாம். மலையின் யாமத்தைக் கொண்டுவர இயலாது. பாட்டில் வந்த பூவுக்கு யாமம் வேண்டாம். தகரத்தில் வந்த பூவுக்கு வேண்டும்.

ஆசிரிய நண்பர்கட்கு ஒரு வேண்டுகோள். திணை வகுப்பைக் கரும்பலகையோடு முடித்துவிடாதீர்கள். மலைநாட்டுப் பாடசாலைகள், காற்றில் முறிந்து விழுந்த கிளைகளில் ஓர்க்கிட் இருக்கக் கண்டால், வனத்துறையினரின் ஒப்புதல் பெற்று, அவற்றைத் தோட்டத்து மரங்களில் கட்டிப் பேணலாம். 1861இல் தொடங்கிய அக்கலைத் தாவரவியற் பூங்காவும் 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவும் மாணவர் நேரிற் சென்று கற்கத்தக்க இடங்கள். கரையோரப் பாடசாலைகள் தத்தம் நிலத்துக்குரிய வந்தாவையும், வேம்பையும், பாலையையும் பேணலாம். பின்னர் ஒருவர்க்கொருவர் மடல் எழுதட்டும்: எங்கள் ஊரில் இன்று இது பூத்தது, உங்கள் ஊரில் என்ன பூத்தது என்று. மலர் அவ்வவ் விடத்தே நிற்க, செய்தி மட்டும் மலையேறியும் மலையிறங்கியும் செல்லட்டும். மன்னார்ப் பிள்ளை பனிபடிந்த கிளையையும், மலைநாட்டுப் பிள்ளை பனைநிழலையும் அம்மடல்களிற் கண்டறிவர். முதற்பொருள், கருப்பொருள் என்னும் சொற்களை அதன்பின் அவர்கள் மனனம் செய்யவேண்டியிராது.